கண்ணிமையும் கைந்நொடியும்

மாத்திரையைத் தொல்காப்பியர் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்து காட்டுகிறார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. தமிழ் பயின்ற எவருக்கும் இது தொடக்கப் பாடம். தேர்வில் ஒரு மதிப்பெண். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு வாசிக்கும்போது இந்தக் கணக்கு தேவைப்படுவதில்லை. பள்ளிக்குப் போகுமுன்பே காது அதைக் கற்றுவிடுகிறது. அது யாருக்குத் தேவை என்பதை எனக்குக் காட்டியவள் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் எழும்பிய அடுக்ககத்தில் வேலை செய்ய வந்த ஒடியாக் குடும்பத்தின் மகள் அவள். தாய்மொழியில் தடையின்றி வாசிப்பாள். தமிழ் எழுத்துகளையும் ஆறு மாதத்தில் கற்றிருந்தாள். ஆனால் 'வீடு' என்று எழுதியிருந்தால் 'விடு' என்பாள். 'கோடு' அவள் வாயில் 'கொடு' ஆகிவிடும். வகுப்பு சிரித்தது. படிப்பு ஏறாத பிள்ளை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். இனித் தாயோடு செங்கல் சுமக்கட்டும் என்ற முடிவுக்குத் தந்தை வந்திருந்தார்.

ஒடியா எழுத்தில் இகரமும் ஈகாரமும் தனித்தனியே உண்டு. பேச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் ஒலிக்கின்றன. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் என்ற இணைகளோ எழுத்திலேயே இல்லை. ஆகவே அவள் கண் வேறுபாட்டைக் கண்டது. காது அதைக் காலமாக மாற்றவில்லை.

மாலைகளில் மேசையைத் தட்டத் தொடங்கினோம். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. 'விடு' இரண்டு தட்டு, 'வீடு' மூன்று. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதானே என்று புலவர்கள் முகம் சுளிக்கலாம். அவளுக்காக அந்த அரையை விட்டுக்கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் தட்டுவதைத் தொடையில் விரலால், பிறர் அறியாமல் செய்யப் பழகியிருந்தாள். பிறகு விரலும் நின்றுவிட்டது.

இது புதிய உத்தியன்று. ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போருக்காகக் கரோலின் கிரஹாம் 1978இல் 'ஜாஸ் சாண்ட்ஸ்' நூலை வெளியிட்டார். ஆங்கிலத்தின் அழுத்தங்களைத் தாளத்தில் ஏற்றிச் சொல்லிப் பழகும் முறை அது. வாசிப்பு இடர்ப்பாடுள்ள குழந்தைகள் பலருக்குப் பேச்சொலியின் தாளத்தை உணர்வதிலும் இடர் இருப்பதை உளவியலாளர் உஷா கோஸ்வாமியின் ஆய்வுகள் காட்டுகின்றன. இச்சிறுமிக்கு அத்தகைய இடர்ப்பாடு ஏதுமில்லை. அவள் செவியில் வேறொரு மொழியின் தாளம் குடியிருந்தது, அவ்வளவே.

தாளம் பொருளைத் தந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 'சுடு', 'சூடு' இரண்டையும் பிசகாமல் வாசித்த பின்னும் "அப்படின்னா என்ன சார்?" என்று கேட்டாள். ஆனால் சொல்லைச் சரியாக ஒலித்தவளுக்கே அக்கேள்வியைக் கேட்கும் துணிவும் வந்தது.

கட்டடம் முடிந்ததும் குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்தது. அங்கும் தமிழ்ப் பள்ளியிலேயே அவளைச் சேர்த்திருப்பதாகத் தந்தை தொலைபேசியில் சொன்னார். வகுப்பில் இப்போது மாத்திரை நடத்தும்போது நூற்பாவுக்கு முன்னால் மாணவர்களை விரல் சொடுக்கச் சொல்கிறேன்.