பழைய காரும் பார்ட்ஸ் புத்தகமும்

தபால்தலை சேர்க்கிறவர்கள் உண்டு. நாணயம், தீப்பெட்டி லேபிள், சினிமாப் பாட்டுப் புத்தகம் சேர்க்கிறவர்களும் உண்டு. பழைய கார் பைத்தியங்களில் ஒரு தனி ரகம் இருக்கிறது. இவர்களிடம் கார் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய கார்களின் பார்ட்ஸ் கேட்லாக் எங்கே கிடைக்கும் என்று தேடி அலைவார்கள்.

கேட்லாக் என்றதும் ஷோரூமில் கையில் திணிக்கிற பளபளா காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பிரவுச்சர். காரை விற்பதற்காக அச்சடித்தது. அதில் கார் எப்போதும் மலையடிவாரத்தில் நிற்கும், பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும். பார்ட்ஸ் கேட்லாக்கில் யாரும் சிரிக்க மாட்டார்கள் :) அது டீலர் கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவருக்கான புத்தகம்.

உள்ளே என்ன இருக்கும்? ஒரு பக்கம் படம். கியர்பாக்ஸை யாரோ அந்தரத்தில் பிரித்து நிறுத்தினது மாதிரி பல்சக்கரம், வாஷர், போல்ட் எல்லாம் கழற்றும் வரிசையிலேயே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எதிர்ப்பக்கம் அட்டவணை. பார்ட் நம்பர், பெயர், வண்டிக்கு எத்தனை, எந்த சேஸிஸ் நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை என்று பத்தி பத்தியாகப் போட்டிருக்கும். விலை பெரும்பாலும் இருக்காது. விலை அடிக்கடி மாறும் என்பதால் அதற்குத் தனியாக பிரைஸ் லிஸ்ட்.

இதில் உயிரான பத்தி கடைசிப் பத்திதான். அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் ஆரம்பித்து 2014 வரை உத்தர்பாராவில் செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கார். பானெட்டைத் திறந்தால் கதை வேறு. முதலில் சைடு வால்வு இன்ஜின், அப்புறம் ஓவர்ஹெட் வால்வு, பின்னால் டீசல், அதற்கும் பின்னால் இசுசு இன்ஜின். "அம்பாசடருக்கு ஒரு கேஸ்கட் கொடுங்க" என்று கேட்டால், "எந்த அம்பாசடர்?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை அந்தக் கடைசிப் பத்தியில் இருக்கிறது.

சரி, இது ஏன் அரிதாகிப் போனது? ஆயிரக்கணக்கில் அச்சடித்த சரக்குதானே?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு மாடலை நிறுத்தியாச்சு, அதன் ஸ்பேர்ஸ் ஸ்டாக்கும் தீர்ந்துபோச்சு என்றால், கவுண்டரில் அந்தப் புத்தகத்துக்கு வேலை இல்லை. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது சொத்தாக ஏறியதில்லை. அதனால் தூக்கி எறிந்தபோது யாருக்கும் நஷ்டம் தெரியவில்லை. போதாக்குறைக்கு, பல கேட்லாக்குகள் கழற்றி மாட்டுகிற தாள்களாக வந்தவை. கம்பெனி திருத்தம் அனுப்பும். பழைய தாளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிய தாளை மாட்ட வேண்டும். ஒழுங்காக வேலை பார்த்த கடைகளில்தான் பழைய பக்கங்கள் முதலில் ஒழிந்தன! 1970-களுக்கு அப்புறம் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல மைக்ரோஃபிஷ் என்ற சின்ன ஃபிலிம் அட்டைகளுக்கு மாறின. பிறகு சிடி வந்தது. கனமான புத்தகங்கள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன.

போனால் போகட்டும், வெளிநாட்டில் கிடைக்காதா என்றால், பாதிதான் கிடைக்கும். இந்த இடத்தில் நம்ம மெட்ராஸ் கார் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959 முதல் 1971 வரை வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இது. இங்கே சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-லிருந்து செய்தது. தனி சேஸிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டிய கார். முன்பக்க மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுதாக முன்னால் சாயும். கேட்லாக் படத்தில் பார்க்க மெக்கானோ செட் மாதிரி அழகாக இருக்கும்.

ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் கிளப்கள் இருக்கின்றன, மறுஅச்சு கேட்லாக்குகள் இருக்கின்றன. இன்றைக்கும் காசு கொடுத்தால் வாங்கலாம். ஆனால் இங்கே 1960-களின் கடைசியில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒன்றை விற்கவே இல்லை. அப்போது அதன் பின்கதவு, அந்தக் கதவின் கண்ணாடி, ரப்பர் பீடிங், கீல் எல்லாம் எந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கும்? 1972-ல் வந்த கெஸல் இன்னும் ஒரு படி மேலே. ஹெரால்டின் பின்பக்க ஸ்விங் ஆக்ஸிலை நம் ஊர் ஓட்டுநருக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குக்கும் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு லைவ் ஆக்ஸில் போட்டார்கள். பின்பக்க அமைப்பே மாறிவிட்டது. 1980-களின் கடைசியில் கம்பெனியும் மூடிப்போனது. ஆக, அந்த நான்கு கதவையும் அந்த ஆக்ஸிலையும் எண் போட்டு எழுதி வைத்தது மெட்ராஸில் அச்சான புத்தகம். லண்டனில் போய்த் தேடி என்ன பிரயோஜனம்?

"அதான் மெக்கானிக் இருக்காரே, பார்த்தாலே சொல்லிடுவாரே" என்று நினைக்கலாம். உண்மைதான், பெரிய கைகள் இருக்கிறார்கள். ஆனால் முப்பது வருடம் ஷெட்டில் கிடந்த கார் வரும்போது பாதிச் சாமான் ஏற்கனவே காணாமல் போயிருக்கும். மீதியில் பாதி, யாரோ அவசரத்துக்கு வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது. இருப்பதைப் பார்த்து இல்லாததைச் சொல்ல முடியாது. எத்தனை வாஷர், எந்தப் பக்கம் எது என்று கேட்லாக்தான் சொல்லும்.

இன்னொரு விஷயம். சேகரிக்கிறவர்களில் பலர் அழுக்கில்லாத, புத்தம்புதுப் பிரதியைத்தான் கேட்பார்கள். ஆனால் நிஜமாக உதவுவது கிரீஸ் படிந்த பிரதி. ஏன் தெரியுமா? கவுண்டர்க்காரர் பென்சிலில் ஓரத்தில் எழுதி வைத்திருப்பார். கார் கம்பெனி ஒரு பேரிங்குக்குத் தன்னுடைய நம்பரைப் போட்டிருக்கும். அந்த நம்பரைச் சொல்லி இன்று எந்தக் கடையில் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். பக்கத்தில் பென்சிலில் 6205 என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனி 6205 பேரிங் செய்தாலும் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. பக்கத்துத் தெருக் கடையிலேயே கிடைக்கும். கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்த சாமான், ஒரு பென்சில் கிறுக்கலால் சாதாரணச் சாமானாகிவிடுகிறது.

எங்கே தேடுவது? இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் 1967-லிருந்து பழைய மோட்டார் சாமான் சந்தை நடக்கிறது. அமெரிக்காவில் ஹெர்ஷி. நமக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை, டெல்லி காஷ்மீரி கேட், அப்புறம் பழைய பேப்பர் கடைகள். மூடப்போகிற பழைய ஸ்பேர்ஸ் கடையின் பரண் என்றால் இன்னும் நல்லது. வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று: எந்தப் பதிப்பு, எந்த சேஸிஸ் நம்பர் வரை, பக்கம் ஏதாவது குறைகிறதா. அட்டையில் பழைய டீலர் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் அழிக்காதீர்கள், அதுவும் ஒரு சரித்திரம். வீட்டுக்கு வந்ததும் துருப்பிடித்த ஸ்டேபிள் பின்னைக் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் கட்டி வையுங்கள். லேமினேட் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். நம்ம ஊர் ஈரக்காற்றுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அந்துருண்டையை விட அடிக்கடி எடுத்துப் புரட்டுவதுதான் நல்ல மருந்து.

கடைசியாக ஒரு சண்டை விஷயம். அரிதான கேட்லாக் வைத்திருக்கிற சிலர் அதை யாருக்கும் காட்ட மாட்டார்கள். ஸ்கேன் கொடுத்தால் மதிப்புக் குறைந்துவிடுமாம். சப்ளை கூடினால் விலை குறையும் என்பது முதல் வருடப் பாடம். ஆனால் இங்கே அது சரியாகப் பொருந்தாது. அசல் புத்தகம் வேண்டும் என்கிறவர் ஸ்கேன் இருந்தாலும் அசலைத்தான் வாங்குவார். ஸ்கேன் தேவைப்படுகிறவர் ஷெட்டில் காரைப் பிரித்துப் போட்டுவிட்டு, எப்படிச் சேர்ப்பது என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கம் கிடைக்காமல் பத்து ஹெரால்டுகள் இரும்புக் கடைக்குப் போனால், மிச்சமாகும் புத்தகத்தை யார் தேடி வரப்போகிறார்கள்? கார் ஓடுகிற வரைக்கும்தான் புத்தகத்துக்கும் மரியாதை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ மாமாவோ மோட்டார் கம்பெனியிலோ ஒர்க்‌ஷாப்பிலோ ஸ்பேர்ஸ் கடையிலோ வேலை பார்த்தவராக இருந்தால், அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது எடைக்குப் போடும் கட்டைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். படமும் நம்பருமாக எண்ணெய்க் கறையோடு ஒரு புத்தகம் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். முடிந்தால் அன்றைக்கே நாலு பக்கம் ஸ்கேன் செய்யுங்கள். பேப்பர்காரர் அதற்குத் தரப்போவது கிலோ கணக்குக் காசுதான்.