உழாமல் இருக்க வாடகை

டெக்சாஸின் அமரில்லோ நகரிலிருந்து 287ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் இரண்டு மணி நேரப் பயணம். மரம் கண்ணில் படுவதே அபூர்வம். ஒக்லஹாமா எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்தில், நெடுஞ்சாலை ஒரு கோர்ட் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதுதான் பாய்ஸ் சிட்டி. அமெரிக்காவில் 'கவுன்டி' எனப்படும் நிர்வாகப் பிரிவுகளில் ஒன்றான சிமரானின் தலைமையிடம். பரப்பில் கோவாவை விடப் பெரிய கவுன்டி. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,296.

ஊர் பிறந்ததே மோசடியில். 1908ல் மரங்களும் நல்ல சாலைகளும் இருப்பதாக விளம்பரம் செய்து மனை விற்றவர்கள் பிறகு தண்டனை பெற்றார்கள். 1943ல் அமெரிக்க விமானமே இலக்கு தவறி இந்த ஊர் மீது பயிற்சிக் குண்டுகளைப் போட்டது. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது சாலையோரப் புல்லை. மேய்ச்சல் நிலம் போலத்தான் தெரிகிறது. அதில் ஒரு பகுதி, பயிர் செய்யாமல் இருப்பதற்காக அரசு ஆண்டுதோறும் வாடகை கொடுக்கும் வயல்.

காரணம் பழையது. முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியதும் புல்வெளியை உழுது தள்ளினார்கள். 1930களில் மழை பொய்த்தது, மண் பறந்தது. 1935 ஏப்ரல் 14ல் வீசிய கரும்புழுதிப் புயலில் பகல் இருண்டது. இரண்டே வாரத்தில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956ல் நிலத்தை ஓய்வில் வைக்கப் பணம் கொடுக்கும் திட்டமும் வந்தது. 1970களில் விலை ஏறியபோது மறுபடியும் கலப்பை! இந்த மண்ணுக்கு வறட்சியைப் போலவே நல்ல விலையும் எதிரி.

இப்போதைய திட்டம் 1985ல் பிறந்தது. எளிதில் அரிக்கும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் விட வேண்டும். புல் விதைக்கும் செலவில் அரசு பங்கு தரும். ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 50,000 டாலர் வாடகை. நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும்.

மண்ணுக்கு இது லாபம் என்பதில் சந்தேகமில்லை. ஊருக்கு? புல்லுக்கு உரம் வேண்டாம், டீசல் வேண்டாம், அறுவடை ஆள் வேண்டாம். நிலத்துக்காரர் டென்வரில் குடியிருந்தால் வாடகையும் அங்கே போய்விடும். உரக்கடைக்காரருக்கும் டிராக்டர் மெக்கானிக்குக்கும் யாரும் வாடகை தருவதில்லை. இது வாஷிங்டனுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு கவுன்டியின் விளைநிலத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது.

ஆனால் ஊர் காலியானதற்குப் புல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1930ல் இங்கே 5,408 பேர் இருந்தார்கள்; 1990ல் 3,301. பெரிய டிராக்டர்கள் வந்தன, பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். வாடகைப் பணம் சிலரை நிலத்தோடு பிடித்து வைத்தது. சிலருக்கு வெளியேற வழிச்செலவாகவும் இருந்திருக்கும்.

நமக்கும் இது அந்நிய விவகாரமல்ல. நிலத்தடி நீர் வற்றிய ஹரியாணாவில், நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று 2020ல் மாநில அரசு அறிவித்தது. அங்கும் அரசுத் தொகை போட்டி போட வேண்டியது நெல்லின் ஆதரவு விலையோடுதான்.

அந்தப் போட்டியில் அமெரிக்கப் புல் ஏற்கெனவே தோற்றுப் பார்த்திருக்கிறது. 2007ல் நாடு முழுவதும் 3.68 கோடி ஏக்கர் இத்திட்டத்தில் இருந்தது. தானிய விலை ஏறியது, நாடாளுமன்றமும் உச்சவரம்பைக் குறைத்தது. பத்தே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியேறியது.

ஒப்பந்தங்கள் காலாவதியாகும் நாள் செப்டம்பர் 30. சிமரானில் குளிர்காலக் கோதுமை விதைக்கும் பருவமும் அதுதான்.