வேட்டையும் வனசீவராசிகள் பாதுகாப்பும்

வனசீவராசிகள் பாதுகாப்புப் பற்றி எழுதுமாறு கேட்டால், மாணவர்களுள் பலர் வேட்டையாடுதல் முற்றாகத் தடைசெய்யப்பட வேண்டும் என்றே தொடங்குவர். அவர்களது நல்லெண்ணத்தை நான் மதிக்கின்றேன். கொம்புக்காக ஓர் உயிரைக் கொல்வதை எனது மனமும் ஏற்பதில்லை. எனினும், மார்க்கோர் எனும் மலையாட்டின் வரலாறு என்னைச் சிந்திக்க வைத்தது.

மார்க்கோர் பாகிஸ்தானின் தேசிய விலங்காகும். முறுக்கிய கொம்புகளையுடைய இவ்வாடுகள், பலூச்சிஸ்தானின் தோர்கர் மலைப்பகுதியில் 1980களின் நடுப்பகுதியில் நூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன என மதிப்பிடப்பட்டது. கட்டுப்பாடற்ற வேட்டையே இதற்குப் பிரதான காரணம். அவ்வேளையில் அப்பகுதித் தலைவர்கள் ஒரு திட்டத்தை ஆரம்பித்தனர். ஊர் மக்கள் வேட்டையைக் கைவிட்டனர். வேட்டைக்காரர்களே காவலர்களாக நியமிக்கப்பட்டனர். மிகச் சில முதிர்ந்த கிடாக்களை மட்டும் வெளியார் கட்டணம் செலுத்தி வேட்டையாடலாம் என்று விதிக்கப்பட்டது. காவலர்களின் சம்பளம் அப்பணத்திலிருந்தே கிடைத்தது.

அழிந்துவரும் இனங்களின் சர்வதேச வர்த்தகம் தொடர்பான சமவாயம், 1997இல் பாகிஸ்தானுக்கு வருடத்துக்கு 6 மார்க்கோர்கள் என்ற அளவை அனுமதித்தது. 2002இல் அது 12 ஆக உயர்த்தப்பட்டது. நாட்டின் வடபகுதியில் இக்கட்டணத்தின் 80 வீதம் உள்ளூர்ச் சமூகங்களைச் சென்றடைகின்றது. 2015இல் மார்க்கோர், அழியும் ஆபத்திலுள்ள இனம் என்ற நிலையிலிருந்து, அச்சுறுத்தலை அண்மித்த இனம் என்ற நிலைக்கு முன்னேறியது.

இதற்கு மாறாக, கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. ஆயினும் 1977 முதல் 2016 வரை அங்கு வனவிலங்குகளின் தொகை சராசரியாக 68 வீதம் குறைந்ததாக ஆய்வொன்று காட்டுகின்றது. சனத்தொகைப் பெருக்கமும் கால்நடைகளின் அதிகரிப்பும் விலங்குகளின் நிலத்தைச் சுருக்கின. தடை மட்டும் அவற்றைக் காக்கவில்லை.

எனவே வேட்டை நல்லது என்பதா முடிவு? அல்ல. விலங்குகளின் தொகை முறையாகக் கணிக்கப்படல் வேண்டும். அனுமதி மிகச் சிறிதாக இருத்தல் வேண்டும். பணம் கிராமத்தைச் சென்றடைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும், அனுமதிப்பத்திரம் அழிவுக்கே வழிவகுக்கும்.

விலங்கைத் தூரத்திலிருந்து நேசிப்பது எமக்கு இலகு. அதனோடு மலையில் வாழ்பவனுக்கோ அது இறைச்சியாகவும் தெரியலாம், எதிர்காலமாகவும் தெரியலாம். அவனுக்கு அது எதிர்காலமாகத் தெரியும்படி செய்வதே உண்மையான பாதுகாப்பு என்பது எனது கருத்தாகும்.