நடுக்கடலில் ஒரு பாஸ்வேர்டு

கப்பலில் நாலு ராத்திரி போகலாம் என்று முடிவானதும் என் மனைவி போட்ட ஒரே நிபந்தனை: "யாரும் நெட் வாங்கக் கூடாது."

'யாரும்' என்றால் நான் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பொதுவாக இயற்றப்படும் சட்டங்கள் எல்லாமே ஒரு குறிப்பிட்ட ஆசாமியை மனதில் வைத்து இயற்றப்படுபவைதான்.

நீங்களும் லீவுக்கு எங்கேயாவது போய்வந்திருப்பீர்கள். ஏற்காடோ மூணாறோ, ஓட்டல் ரூமுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன கேட்டீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று ரூம் பாயிடம் கேட்ட காலமெல்லாம் போயாச்சு. பாஸ்வேர்டைத்தானே கேட்டீர்கள்? நானும் அதே சாதிதான். கொஞ்சம் முற்றிய கேஸ், அவ்வளவுதான்.

இது 2024 மே மாதம். மகள் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். தேர்தல் நேரத்தில் பத்திரிகைக்காரனுக்கு லீவு கொடுப்பார்களா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டுப்பதிவு முடிந்து, பெட்டிகள் ஜூன் 4 வரை தூங்கிக்கொண்டிருந்தன. அந்த இடைவெளியில் தப்பித்தோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று இரண்டு ஊரைத் தொட்டுவிட்டு, மறுபடி சிங்கப்பூரிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும் சொகுசுக் கப்பல். சாப்பாடு டிக்கெட்டில் சேர்த்தி. நெட் மட்டும் தனி. ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 20 அமெரிக்க டாலருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மூன்று பேர், நாலு நாள்... பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கிட்டத்தட்ட 20,000 ரூபாய். அந்தப் பணத்தில் வீட்டு பிராட்பேண்டை ஒன்றரை வருஷம் ஓட்டலாம். காசும் மிச்சம், மனைவிக்கும் சந்தோஷம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஒரே ஒரு உறுத்தல், அம்மா. கும்பகோணத்தில் அக்காவோடு இருக்கிறாள். 78 வயது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நான் போன் பண்ண வேண்டும். எட்டே கால் ஆனால், "அவனுக்கு என்னமோ ஏதோ" என்று ஆரம்பித்துவிடுவாள்.

"நாலஞ்சு நாள் பேச முடியாதும்மா. கடல்ல டவர் கிடையாது" என்றேன்.

"எங்கப்பா ரஜூலாவுல போனப்ப மட்டும் டவர் இருந்துதாடா? போயிட்டு வா" என்றாள்.

ரஜூலா என்றால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1926-ல் கட்டிய கப்பல். மெட்ராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை போய்வந்தது. கீழ்த்தட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, வாந்தியும் வெற்றிலையுமாகப் போய்ச் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். என் தாத்தாவும் அதில் ஒருவர். பினாங்கு மார்க்கெட் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. அவருடைய அம்மா செத்துப்போன செய்தி, தந்திக்குச் செலவாகும் என்று கடிதத்தில்தான் போனது. அவர் அதைப் பிரித்தபோது இங்கே பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. கடைக்குப் பின்கட்டுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து, மறுபடி பேரேட்டில் உட்கார்ந்தாராம். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். தாத்தா மட்டும் சொன்னதில்லை.

மே 19, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கப்பல் கிளம்பியது. சிங்கப்பூரின் உயரக் கட்டடங்கள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும்வரை போனில் சிக்னல் இருந்தது. நாலு கோடு, மூன்று, ஒன்று... போயே போச்சு. மகள் மூன்று போனையும் வாங்கி ஏரோப்ளேன் மோடில் போட்டாள். இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பல்களில் சொந்தமாக ஒரு குட்டி டவர் இருக்கும். அது சாட்டிலைட் வழியாகக் கரையோடு பேசும். நீங்கள் சும்மா வைத்திருந்தால் உங்கள் போன் தானாகப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். ஊரில் வாங்கிப்போன ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. பில் வரும்போது, கப்பல் டிக்கெட்டே மலிவு என்று தோன்றும்.

ராத்திரி ஒன்பதரை மணி. சாப்பாட்டு ஹாலில் பக்கத்து மேஜையில் ஒரு வடக்கத்திக் குடும்பம். அந்த அப்பா போனைப் பார்த்து மனைவியிடம் சொல்வது காதில் விழுந்தது. ஈரான் அதிபர் ரைசி போன ஹெலிகாப்டரைக் காணவில்லையாம்.

எனக்குக் கை நடுங்கியது. மிகையில்லை. இருபது வருஷமாக நியூஸ் டெஸ்கில் குப்பை கொட்டியவனுக்கு இது எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் புரியாது. குடிகாரன் மூக்குக்குக் கீழே கிளாஸை நீட்டி, 'வாசனை மட்டும் பார்த்துக்கோ' என்று சொன்னால் எப்படி? பதினொன்றரைக்கு, "காத்து வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து நேராக ரிசப்ஷனுக்குப் போனேன். ஒரு போன், நாலு நாள். அந்தப் பெண் ஒரு சீட்டில் பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்தாள். திருட்டு சினிமாவுக்கு டிக்கெட் வாங்குகிற பையன் மாதிரி சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். மனசாட்சிக்கு ஒரு பதிலும் தயாராக இருந்தது: 'அம்மாவுக்காக.'

நெட் என்றால் என்ன வேகம் என்கிறீர்கள்! முன்பெல்லாம் கப்பலில் இணையம் என்பது பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் சாட்டிலைட்டை நம்பித்தான். நீங்கள் கேட்ட கேள்வி அங்கே ஏறி இறங்கி, பதில் மறுபடி ஏறி இறங்குவதற்குள் அரை விநாடி போய்விடும். இப்போது 550 கிலோமீட்டர் உயரத்தில் கூட்டம் கூட்டமாகச் சுற்றுகிற ஸ்டார்லிங்க் வகையறா வந்துவிட்டது. 2022-க்குப் பிறகு பெரிய கப்பல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. கடலில் டவர் இல்லை என்று இனி யாரும் அம்மாவிடம் பொய் சொல்ல முடியாது. நான் சொன்னேன்.

விடிய விடிய தப்ரீஸ் பக்கத்து மலைகளில் மூடுபனிக்குள் தேடினார்கள். நானும் கூடவே தேடினேன். நடுவில் அக்காவுக்கு ஒரு வாட்ஸ்அப்: 'நெட் கிடைச்சுது. அம்மா எப்படி இருக்கா?'

அக்கா உடனே பதில் போட்டாள்: 'நல்லா இருக்கா. தூங்கறா.'

இந்திய நேரம் பத்து மணிக்கு மேல். அக்கா ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறவள். 'இன்னும் தூங்கலையா' என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஈரானில் இருந்தேன்.

தூங்கப் போகும்போது ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. 1912 ஏப்ரல் 14. டைட்டானிக்குக்குக் கொஞ்ச தூரத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அதன் ஒயர்லெஸ் ஆபரேட்டர் ஈவன்ஸ், 'இங்கே பனியில் மாட்டி நிற்கிறோம்' என்று டைட்டானிக்குக்குச் சொல்லப் பார்த்தார். டைட்டானிக் ஆபரேட்டர் பயணிகளின் சொந்தத் தந்திகளை அனுப்பும் மும்முரத்தில் இருந்தார். 'சும்மா இரய்யா, வேலையாக இருக்கிறேன்' என்கிற தோரணையில் பதில் வந்தது. ஈவன்ஸ் மெஷினை அணைத்துவிட்டுத் தூங்கப்போனார். சில நிமிஷங்களில், 11.40-க்கு, டைட்டானிக் மோதியது. அபயக் குரல் கொடுத்தபோது அவர் நல்ல தூக்கம். கார்பேத்தியா கப்பலின் ஆபரேட்டரும் படுக்கத்தான் தயாராகிக்கொண்டிருந்தார். ஆனால் காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றியிருக்கவில்லை. 700-க்கு மேற்பட்டவர்கள் பிழைத்ததற்கு அந்தக் கழற்றாத ஹெட்போனும் ஒரு காரணம். அதற்கப்புறம்தான் கப்பல்களில் 24 மணி நேரமும் காது திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்ல கதை. ஆனால் ஒருத்தர் வேலையாக இருந்தார், ஒருத்தர் தூங்கினார், ஒருத்தர் காதைத் திறந்து வைத்திருந்தார் - இதில் நான் யார் என்பதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் பினாங்கு. கப்பல் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். குயின் ஸ்ட்ரீட்டில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில். அங்கிருந்து மார்க்கெட் தெரு. தாத்தா உட்கார்ந்திருந்த கடை எது என்று தெரியாது. பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. புடவைக்கடை, மளிகை, பூக்கடை, ஒலிபெருக்கியில் பாட்டு. ஒரு பழைய மரக்கதவுக் கடை முன்னால் நின்று படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். 'அம்மாகிட்ட காட்டு. தாத்தா தெரு.'

ரொம்ப நேரம் கழித்துப் பதில்: 'காட்டினேன். அழுதா.'

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படகில் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். தாய்லாந்து டவரைப் பிடித்ததும் என் போன் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. கப்பல் நேரம் சிங்கப்பூர் நேரம். போனை நம்பி நான் சாவகாசமாக இளநீர் குடித்துக்கொண்டிருக்க, கையில் பழைய வாட்ச் கட்டியிருந்த மனைவி கத்தினாள். கடைசிப் படகைப் பிடிக்க மூன்று பேரும் மணலில் ஓடியதை மகள் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறாள்.

கடைசி நாள் முழுக்கக் கடல். சாப்பாட்டு ஹாலில் பரிமாறிய நாகர்கோவில் தம்பியோடு அன்றுதான் சாவகாசமாகப் பேசினேன். ஒன்பது மாத கான்ட்ராக்ட். குழந்தை பிறந்தபோது அவர் வேறொரு கப்பலில். மூன்று நாள் கழித்து ஏதோ ஒரு துறைமுகத்தில் சிக்னல் கிடைத்துத்தான் முகம் பார்த்தாராம். "உங்களுக்கு நெட் இல்லாம இருந்தா நிம்மதி சார். எங்களுக்கு அது இருந்தாத்தான் நிம்மதி" என்றார். கப்பல் ஊழியர்களுக்கு, முடிந்தவரை, இணைய வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் 2022-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2024 டிசம்பரில். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மே மாதம்.

அன்று ராத்திரி மேல்தளத்தில் நல்ல நிலா. பௌர்ணமிக்குப் பக்கம். படமெடுத்து அதையும் அனுப்பினேன்.

"எத்தனை டாலர்?" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

"எது?"

"முதல் நாளே தெரியும். பாத்ரூமுக்கு யாருங்க சார்ஜரோட போவாங்க?"

அப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சிங்கப்பூரில் இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டேன். அப்போதுதான் சொன்னாள். நாங்கள் கப்பலேறின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ராத்திரியே தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன். நான் 'அம்மா எப்படி' என்று கேட்டபோது அக்கா ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தாத்தா தெருப் படத்தை அம்மா பார்த்தது ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி. அழுதது வலியிலா, படத்தைப் பார்த்தா என்று அக்காவுக்கே தெரியவில்லை.

கத்தினேன். "பினாங்குல இறங்கியிருப்பேனே! கோலாலம்பூர் வந்து ஃப்ளைட் பிடிச்சா மறுநாள் திருச்சி!"

"இறங்கி? நீயாடா ஆபரேஷன் பண்ணப் போறே? கொழந்தை எக்ஸாம் முடிச்சுட்டு ஆசையா போயிருக்கா, சொன்னே கொன்னுடுவேன்னா அம்மா. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

பதில் இல்லை. நாலு நாளில் நான் என்னவெல்லாம் தெரிந்து வைத்திருந்தேன் தெரியுமா? ஹெலிகாப்டர் என்ன மாடல், ஐந்தாம் கட்டத்தில் எத்தனை தொகுதி, எங்கே எத்தனை சதவீதம்... எல்லாம். நெட்டுக்குக் கொடுத்த டாலருக்குக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தது.

மறுநாள் சாயங்காலம் தஞ்சாவூர். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு படமாக, விரலால் பெரிசு பண்ணிக் காட்டச் சொன்னாள். மார்க்கெட் தெருவில் ரொம்ப நேரம் நின்றாள். "முச்சந்தி எங்கே? கடை வாசல்லேர்ந்து பாத்தா முச்சந்தி தெரியும்னு அப்பா எழுதியிருந்தாரே" என்றாள். என் படத்தில் முச்சந்தி இல்லை.

நான் குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "இப்படி மறைக்கலாமாம்மா?" என்றேன்.

அம்மா படத்தைத் தள்ளிக்கொண்டே போய், கடலும் நிலாவும் இருக்கிற படத்தில் நிறுத்தினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பினாங்குல எடுத்தது சரி, அங்கே டவர் இருக்கும். நடுக்கடல்ல எடுத்த இது எப்படிடா அன்னிக்கு ராத்திரியே இங்கே வந்துது?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டு சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.