மேற்றளி அருகே ஒரு தறியோசை

காஞ்சிபுரம் செல்லும் அன்பர்கள் ஏகாம்பரநாதரையும் காமாட்சி அம்மனையும் வரதராஜப் பெருமாளையும் தரிசித்து, குமரகோட்டத்து முருகனையும் வணங்கிய பின், ஏதேனும் ஒரு பட்டுக்கடையில் ஏறி இறங்கி ஊர் திரும்பிவிடுவர். அந்தப் பட்டு எங்கே நெய்யப்படுகிறது என்று வினவுவோர் மிகச் சிலரே. நகரின் மேற்கே, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் சற்று நடந்தால் அதற்கு விடை காதிலேயே விழும்.

இப்பகுதியில்தான் கச்சித் திருமேற்றளி என்னும் பழம்பதி அமைந்துள்ளது. அப்பரும் சுந்தரரும் பாடிய தலம் இது. சிவபெருமானின் திருவுருவைத் தாமும் பெற வேண்டித் திருமால் இங்கே தவமிருந்தார் என்றும், திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாடக் கேட்டு உருகி இலிங்க வடிவானார் என்றும் தல வரலாறு கூறுகிறது. ஓத உருகீசர் என்பது அங்குள்ள திருநாமம். செவி வழியே புகுந்த ஒன்று ஒருவரை உருமாற்றிய தலம் அது.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் பல, தலைமுறை தலைமுறையாக நெசவாளர் குடியிருப்புகள். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்திற்குப் பாவு விரித்து, கஞ்சியிட்டு, இழைகளைச் சீர்செய்யும் காட்சியை இங்கே காணலாம். வீட்டினுள்ளே குழித்தறி. நெய்பவர் குழியில் காலிட்டு அமர்ந்து மிதிகட்டையை மிதிக்க, நாடா ஓடும் ஓசையும் பலகை அடிக்கும் ஓசையும் வாசல் வரை கேட்கும்.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் இழைக்கு இழை கோத்துக்கொள்ள வேண்டும். சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று முதியோர் சொல்வது இதனால்தான். ஆனால் இந்த வேலைக்கு ஒருவர் போதாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைப் போட்டுத் தர இன்னொருவர் வேண்டும். முற்காலத்தில் அந்த இடத்தில் அமர்ந்தவர்கள் வீட்டுச் சிறுவர்கள். அதுவே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். இன்று பிள்ளைகள் முறையாகப் பள்ளிக்குச் செல்கிறார்கள்; செல்லத்தான் வேண்டும். ஆகவே அந்தப் பக்கத்து இடம் பல வீடுகளில் வெறுமையாகி, கோர்வைச் சேலை அரிதாகி வருகிறது.

மேற்றளிக்கு அருகே ஒரு வீட்டிலும் அந்த இடம் ஒரு நாள் வெறுமையானது. அவ்வீட்டுப் பெரியவர் எழுபதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கோர்வைக்குத் துணையிருந்த அவர் மனைவி காலமானபோது, தறியில் மூன்று சேலைக்கான பாவு ஏறியிருந்தது. ஒன்றுதான் முடிந்திருந்தது. மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை. பட்டும் சரிகையும் கொடுத்தவர்களுடையவை. நெய்பவருக்குக் கூலி மட்டுமே சொந்தம். பாவை அறுத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பெரியவர் எண்ணத் தொடங்கினார்.

காரியங்கள் முடிந்த சில நாட்களில் மருமகள் தறியருகே வந்து நின்றாள். அவள் பிறந்த வீடு விவசாயக் குடும்பம், நாடாவைத் தொட்டறியாதவள். "அத்தை இடத்திலே நான் உட்காரட்டுமா மாமா?" என்று கேட்டாள். பெரியவர் நெடுநேரம் விடை கூறவில்லை. பின்னர், "உட்காரும்மா" என்றார்.

முதல் வாரம் நெய்ததைவிடப் பிரித்ததே மிகுதி. கரை ஓரிடத்தில் சுருங்கும், ஓரிடத்தில் தளரும். பெரியவர் சினந்துகொள்ளாமல் இழை இழையாகப் பிரித்து மறுபடியும் போடச் சொல்வார். "கண்ணாலே பார்க்காதே, சத்தத்தைக் கேள்" என்பதே அவர் கற்பித்த முதற்பாடம். இழை தளர்ந்தால் பலகையின் ஓசை மாறும். அவருடைய கண் மங்கிவிட்டது; காது மங்கவில்லை. மெல்ல மெல்ல அவளுக்கும் அந்த ஓசை பிடிபட்டது. மூன்றாம் சேலை தறியிலிருந்து இறங்கிய அன்று, தாழம்பூ ரேக்குக் கரையை விரலால் தடவிப் பார்த்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மேற்றளிக்குப் புறப்பட்டுச் சென்றார்.

அறுபத்துமூவரில் நேச நாயனார் நெசவாளர். கம்பிலியில் பிறந்த அவர் மனத்தை ஈசன் திருவடிக்கும் வாக்கைத் திருவைந்தெழுத்துக்கும் ஆக்கி, கைத்தொழிலை அடியார்க்கு உரியதாக்கி, உடையும் கீளும் கோவணமும் நெய்து அளித்தார் என்று பெரிய புராணம் போற்றுகிறது. சிவாலயங்களில் நாயன்மார் வரிசையை வலம்வரும் பெரியவர், அவர் எதிரே சற்று நின்று வணங்குவது வழக்கம்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அது பெயரைக் காக்கும். பக்கத்து இடத்தில் வந்து அமர்வதற்கு ஒரு மனம் வேண்டும். அதைச் சட்டத்தால் தர இயலாது. இப்போது அவ்வீட்டுப் பேரன் பள்ளி விட்டு வந்ததும் தறியருகே நின்று வேடிக்கை பார்க்கிறான். "முதலிலே வீட்டுப் பாடத்தை முடி" என்கிறார் தாத்தா. பாடம் முடிந்ததும் அவன் மீண்டும் வந்து நிற்கிறான். அப்போது அவர் விரட்டுவதில்லை.

அடுத்த முறை காஞ்சி செல்லும் அன்பர்கள் மேற்றளிநாதரையும் தரிசித்து வரலாம். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் ஒரு கணம் நின்று செவிகொடுத்தால், எங்கோ ஒரு வீட்டில் பலகை அடிக்கும் ஓசை கேட்கும். அமாவாசையன்று மட்டும் செல்ல வேண்டாம். அன்று தறிக்கு ஓய்வு.