முதல் வாசிப்பு

கடந்த கிறிஸ்து பிறப்பு விழா நாட்களில் எம் இல்லத்தில் நிலவிய மௌனத்தைப் பற்றி எழுத நேருமென்று நாம் எண்ணியதில்லை. அம்மௌனத்தைக் கலைத்தது, அமெரிக்க நாட்டில் 1969-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட ஓர் ஆங்கிலப் பாட்டு. அதிலும் பாடுவோரின் குரல்கள் அல்ல. அவற்றிற்கு முன்னும் இடையிலும் ஒலிக்கும் ஒரு கித்தாரின் நாதம்.

எம் பங்கின் பாடகர் குழுவை நாம் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். எம் மூத்த மகன் அதில் கீபோர்டு வாசிப்பவன். நள்ளிரவுத் திருப்பலிக்கான ஒத்திகையில், காணிக்கைப் பாடலின் முன்னிசையை அவன் வாசிக்கையில் ஓரிடத்தில் சுரம் பிசகிற்று. நிறுத்தச் சொன்னோம். மீண்டும் வாசித்தான், மீண்டும் நிறுத்தினோம். ஏழாம் முறை நிறுத்தியபோது, அவனினும் இளைய பிள்ளைகளின் முன்னிலையில், எம் நாவினின்று வந்திருக்கக் கூடாத ஒரு சொல் வந்துவிட்டது. மறுநாள் முதல் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்தான். கடைசி வரிசையில் தன் தாயின் அருகே நின்றான். வீட்டிலோ, "சாப்பிட்டாயா?" என்றால் "ஆயிற்று" என்பதோடு எம்மிருவர் உரையாடலும் முடிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு திருக்குடும்ப விழா. புனித பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. அதில் பிள்ளைகளுக்கென ஓர் அறிவுரை உண்டு. அதனை அடுத்து உடனே தந்தையர்க்கென ஓர் எச்சரிக்கையும் உண்டு. முன்னதை நாம் செவிசாய்த்துக் கேட்டோம். பின்னது வாசிக்கப்பட்டபோது பதிலுரைப் பாடல் எழுதிய தாளை மடித்துக்கொண்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்று மாலை மகனின் அறையிலிருந்து ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஒலித்தது. அதன் தொடக்கத்தில் வந்த நாதம் எம்மைக் கதவருகே நிறுத்திற்று. கோட்டு வாத்தியமோ என ஒரு கணம் ஐயுற்றோம். சுரத்திலிருந்து சுரத்திற்குத் தாவாமல், நீரில் மிதக்கும் இலைபோல வழுக்கிச் செல்லும் ஓசை. ஆனால் கோட்டு வாத்தியத்தில் கேட்டிராத ஏதோ ஒன்றும் அதனுள் இருந்தது. "இஃது என்ன வாத்தியம்?" என்று கேட்டோம். "பெடல் ஸ்டீல் கித்தார், அப்பா" என்றான். பத்து நாட்களுக்குப் பின் அவன் எம்மை 'அப்பா' என்று அழைத்தது அப்பொழுதுதான்.

இவ்வாத்தியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில், கித்தாரை மடிமீது கிடத்தி, விரல்களால் தந்தியை அழுத்தாமல், எஃகுத் துண்டொன்றால் வருடி வாசிக்கும் முறை தோன்றியது. அதற்கு வழிவகுத்தவர் ஜோசப் கெகுகு என்னும் ஹவாய் இளைஞர் என்பர். அம்முறை உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டுத் திரையிசையிலும் ஹவாய் கித்தார் இடம் பெற்றதை மூத்த வாசகர்கள் அறிவர். பின்னர் அமெரிக்காவில் அக்கித்தாருக்குக் கால்கள் முளைத்தன! மேசைபோல் நிற்கும் பலகைமீது பெரும்பாலும் பத்துத் தந்திகள், கீழே மிதிகட்டைகள், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள். இடக்கை எஃகுத் துண்டை நகர்த்த, வலக்கை விரல்கள் மீட்ட, இடக்கால் மிதிக்க, வலக்கால் ஒலியைக் கூட்டிக் குறைக்க, முழங்கால்களும் சும்மா இருப்பதில்லை. ஆலயங்களில் பெரிய ஆர்கன் வாசிப்போரைத் தவிர இத்தனை உறுப்புகளுக்கும் ஒரே வேளையில் வேலை கொடுக்கும் இசைஞர் வேறெவரும் உளரோ, அறியோம்.

மிதிகட்டையின் பயன் யாதெனில், எஃகுத் துண்டு நகரும்போது அதன் அடியிலுள்ள தந்திகள் அனைத்தும் ஒருங்கே ஏறும், ஒருங்கே இறங்கும். மிதிகட்டையை அழுத்தினாலோ குறிப்பிட்ட ஓரிரு தந்திகள் மட்டும் இழுபட்டுச் சுரம் உயரும். மற்றவை இருந்த இடத்திலேயே நிற்கும். ஒன்று அசையாமல் ஒலித்துக்கொண்டிருக்க, மற்றொன்று மெல்ல எழுந்து வந்து அதனோடு இசைந்து நிற்கிறது. எமக்குப் புதிதாய்த் தோன்றியது இதுவே. 1954-இல் வெளிவந்த 'ஸ்லோலி' என்னும் பாடலில் பட் ஐசக்ஸ் என்பவர் இவ்வாறு வாசித்ததைக் கேட்ட பின்னரே, அந்நாட்டு ஸ்டீல் கித்தார் கலைஞர் பலரும் தத்தம் வாத்தியத்தில் மிதிகட்டை பூட்டத் தலைப்பட்டனர்.

எம் மகன் கேட்ட பாட்டின் பெயர் 'டீச் யுவர் சில்ட்ரன்'. உம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள் என்பது பொருள். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் என்னும் நால்வர் 1970 மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட 'டேஜா வூ' என்ற இசைத்தட்டில் அஃது இடம் பெற்றுள்ளது. மூன்று நிமிடம்கூட நிரம்பாத பாட்டு. முதற்பகுதி பெற்றோரை நோக்கிப் பேசுகிறது. அடுத்த பகுதி பிள்ளைகளை நோக்கித் திரும்பி, நீங்களும் உங்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுங்கள் என்கிறது. திருத்தூதரின் திருமுகத்தில் பிள்ளைகள் முன்னும் தந்தையர் பின்னுமாக இருக்க, இங்கே வரிசை மாறியிருப்பது எம் சிந்தையில் தைத்தது.

அதனை இயற்றியவர் கிரஹாம் நாஷ். 1942-இல் இங்கிலாந்தில் பிறந்து, சால்ஃபோர்டு நகரின் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் தந்தையார் ஓர் ஆலைத் தொழிலாளி. நிழற்படம் எடுப்பதில் நாட்டமுடையவர். படுக்கையறைச் சன்னலைக் கம்பளியால் மூடி இருட்டாக்கி, வெற்றுத்தாள் ஒன்றைத் திரவத்தில் இட்டு, சிறிது சிறிதாக அதில் உருவம் தோன்றுவதைத் தம் சிறு மகனுக்குக் காட்டினார். அதனை ஒரு மாயவித்தையாகக் கண்டதாக நாஷ் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். பின்னர் அத்தந்தை உடன் வேலை செய்த ஒருவரிடம் வாங்கிய நிழற்படக் கருவி திருட்டுப் பொருள் என்று தெரியவந்தது. விற்றவர் யாரெனக் காவலர் வினவியபோது அவர் பெயரைச் சொல்ல மறுத்தார். சிறைத் தண்டனை பெற்றார். சிறையினின்று திரும்பியவர் பழைய மனிதராக இல்லை. 46-ஆம் வயதிலேயே இறந்துபோனார். பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள் என்று பாடியவருக்கு முதலில் கற்பித்தவர் இவரே.

பாட்டு நாஷினுடையதாயினும், கித்தார் அவருடையதன்று. அதை வாசிக்க வந்தவர் ஜெர்ரி கார்சியா. 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் குழுவின் தலைமைக் கித்தார் கலைஞர். இவரும் 1942-இல் பிறந்தவரே, சான் பிரான்சிஸ்கோ நகரத்தவர், கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர். நான்கு வயதில், விறகு பிளக்கும்போது அண்ணனின் கோடரி தவறுதலாய்ப் பட்டு வலக்கை நடுவிரலில் பெரும்பகுதியை இழந்தார். பின்னர், 1947-இல், அவருடைய தந்தையார் மீன்பிடிக்கச் சென்ற இடத்தில் ஆற்றில் மூழ்கி இறந்தார். அத்தந்தையும் ஓர் இசைக்கலைஞரே. சிறுவன் பாட்டியின் வீட்டில் வளர்ந்தான். அவ்வீட்டு வானொலியில் பாட்டி விரும்பிக் கேட்டது அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் நிகழ்ச்சி.

கார்சியாவின் 15-ஆம் பிறந்தநாளன்று அன்னை அவருக்கு ஓர் அக்கார்டியன் வாங்கிக் கொடுத்தார். மகனோ, அது வேண்டாம், கித்தார்தான் வேண்டும் என்று அழுது அடம்பிடித்தார். அக்கார்டியன் அடகுக்கடைக்குப் போயிற்று. மின் கித்தார் வீட்டுக்கு வந்தது. அந்தத் தாய் விட்டுக்கொடுத்திராவிடில் என்னவாகியிருக்கும் என்று எம் மனைவி கேட்டதற்கு, நாம் விடையளிக்கவில்லை.

கித்தாரில் தேர்ந்த கார்சியா பெடல் ஸ்டீலை முனைந்து கற்கத் தொடங்கியது 1969-இல்தான். நால்வர் குழுவின் பாட்டு பதிவானது அதே ஆண்டின் இறுதிப் பகுதியில். ஆகவே ஒலிப்பதிவுக் கூடத்தில் அவ்வாத்தியத்தின் முன் அமர்ந்தவர் ஏறக்குறைய ஒரு மாணவர். கட்டைவிரலும் இரு விரல்களும் கொண்டு மீட்டுவது வழக்கமாகிய வாத்தியத்தின் முன், நடுவிரல் குறைபட்ட கையோடு அமர்ந்தார். பெடல் ஸ்டீலின் பெருங்கலைஞர்களோடு ஒப்பிட்டால் அவர் விரல்களில் வேகமில்லை, வித்தை காட்டும் வேலைப்பாடும் இல்லை. வேகம் இல்லாமையே அங்கு நலமாயிற்று என்பது எம் கருத்து. பாட்டைத் தொடங்கிவைக்கிறார், குரல்கள் எழுந்ததும் ஒதுங்கிக்கொள்கிறார், அவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் இரண்டொரு சுரங்களால் "ஆம்" என்று சொல்லுகிறார், இடையில் தமக்குக் கிடைத்த சில விநாடிகளில் ஒரு சுரத்தை நிறுத்தி, மற்றொன்றை அதனிடம் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறார். அழுகையும் ஆறுதலும் ஒன்றாய்க் கலந்ததுபோன்ற ஓசை. பெற்றோர் யார், பிள்ளை யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை சொற்களுக்குத்தான் உண்டு, அத்தந்திகளுக்கு இல்லை.

இவ்வாசிப்புக்குக் கைம்மாறாக, நால்வர் குழுவினர் கார்சியாவின் குழுவினருக்குக் குரல்களை இசைவித்துப் பாடும் முறையைக் கற்பித்தனர் என்று சொல்வதுண்டு. காசு கைமாறாத நல்ல வாணிகம்!

இனி எம்மைத் தாக்கிய செய்திக்கு வருகிறோம். முதல் முறை வாசித்து முடித்ததும் கார்சியா, ஓரிடத்தில் தாம் தவறிவிட்டதாகவும், இன்னொரு முறை வாசிக்க விரும்புவதாகவும் கூறினார். நாஷோ, வேண்டுமானால் வாசியுங்கள், ஆனால் நான் எடுத்துக்கொள்ளப் போவது முதல் வாசிப்பையே என்று சொல்லிவிட்டார். இதனை நாஷ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் கேட்டு வருவது, வாசித்தவரே பிழையென்று எண்ணிய அந்த வாசிப்பு. எம் மகன் இச்செய்தியை எம் முகத்தைப் பாராமல், சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். கார்சியாவின் வாழ்வு முழுவதும் போற்றத்தக்கது என்று நாம் சொல்லவில்லை. போதைப் பழக்கம் அவரை நெடுங்காலம் பற்றியிருந்தது. 1995 ஆகஸ்டு 9 அன்று, அப்பழக்கத்தினின்று மீளச் சேர்ந்திருந்த மருத்துவ இல்லத்தில் 53-ஆம் வயதில் இறந்தார். நம் இளைஞர்கள் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இசையை மட்டுமே.

அப்பாட்டின் வரலாற்றில் துயரமான ஓர் ஏடும் உண்டு. 1970-இல் அது தனி இசைத்தட்டாக வெளிவந்த வேளையில், மே 4 அன்று ஒகையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழகத்தில் போரை எதிர்த்துக் கூடிய மாணவர்மீது தேசியக் காவற்படையினர் சுட்டதில் நால்வர் மாண்டனர். குழுவினரான நீல் யங் அதைப் பற்றி உடனே ஒரு பாட்டு எழுதினார். தம் பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறிவரும் காலமென்பதை நாஷ் அறிவார். ஆயினும் மாண்டவர்களுக்கான பாட்டை உடனே வெளியிட வேண்டுமென்று நின்றார். அமெரிக்கப் பட்டியலில் அவர் பாட்டு 16-ஆம் இடத்தோடு நின்றது. 'ஒகையோ' 14-ஆம் இடத்தை அடைந்தது. அந்நாட்டில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அஞ்சி நின்ற ஆண்டு அது.

இவற்றையெல்லாம் மகன் சொல்லி முடித்தபோது இரவு உணவு நேரம் கடந்துவிட்டது. ஒத்திகையன்று சொன்ன சொல்லுக்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லை, அப்பா" என்று சொல்லி, ஒலியைச் சற்று உயர்த்தினான். கார்சியா பிழையென்று எண்ணியது எந்த இடம் என்று கண்டுபிடிக்க இருவரும் முனைந்தோம். அவன் ஓரிடத்தைக் காட்டினான். நாம் வேறோரிடத்தைக் காட்டினோம். எம் மனைவி வந்து கேட்டுவிட்டு, எங்கும் பிழையில்லை, சோறு ஆறுகிறது என்றார்.

தவக்காலத்தின் நடுவே, பாஸ்கா இரவுக்கான ஒத்திகை தொடங்கிற்று. மகன் வந்து தன் இடத்தில் அமர்ந்தான். முன்னிசையின் இரண்டாம் வரியில் அவன் விரல் ஒரு கட்டை தள்ளி விழுந்தது. ஆர்மோனியத்தின் மேலிருந்து எம் கை தானாகவே எழுந்தது. பிள்ளைகள் அனைவரும் அதைப் பார்த்தனர். கையைத் துருத்தியின்மேல் திரும்ப வைத்துக் காற்றடித்தோம். பாட்டு மேலே சென்றது.