சின்ன மாமியும் கள்ளுக்கடையும்

மழைக்காலத்து மாலைகளில் அம்பிட்டியவில் ஆறு மணிக்கு முன்னரே இருள் கவிந்துவிடும். ஹந்தானை மலைப்பக்கமிருந்து இறங்கும் மூடுபனி முதலில் குருமடத்தின் கூரையை மறைக்கும். பிறகு நம் வீட்டு வேலியையும் மறைத்துவிடும். அத்தகைய மாலை ஒன்றில், கனடாவிலிருந்து தபாலில் வந்த ஓர் இறுவட்டைப் பெட்டியிலிட்டுக் கேட்கத் தொடங்கினோம். அனுப்பியவள் நம் சின்ன மாமியின் மகள். கேட்க அமர்ந்தவர்கள் நாமும், நம் இல்லத்தரசியும், எண்பத்தாறு வயதான சின்ன மாமியும். இறுவட்டில் இருந்தவை நித்தி கனகரத்தினம் அவர்கள் பாடிப் புகழ்பெற்ற பாடல்கள்.

பொப்பிசை என்றதும் முகஞ்சுளிக்கும் வாசகர் சிலர் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்கள்மீது நமக்கு வருத்தமில்லை. நம் தந்தையாரே அவ்வகையினர்தாம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த அரசாங்க எழுதுவினைஞர் அவர். மாலையில் கால்முகம் கழுவி, திருநீறு அணிந்து, வானொலிக்கு முன்னால் சாய்மனைக் கதிரையில் அமர்ந்தாரெனில் நாதஸ்வரமும் வாய்ப்பாட்டும் தவிர வேறொன்றும் அவர் செவிக்கு ஆகாது. ‘சின்ன மாமியே’ என்று கிட்டாருடன் ஒரு குரல் எழுந்ததும் எழுந்து சென்று திருகைத் திருப்பிவிடுவார். “தமிழைப் பைலாவுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள்” என்பது அவரது தீர்ப்பு.

ஆகவே நாம் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அது சிங்களவர் வீடு. நம் வயதொத்த பையன் ஒருவன் அங்கிருந்தான். கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அவரது மூன்ஸ்டோன்ஸ் குழுவினரும் அப்பொழுது சிங்கள இளைஞரை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த காலம். ‘மெங்கோ நந்தா’ என்ற பாட்டை அவன் நாளெல்லாம் முணுமுணுப்பான். ‘மாமி’ என்றால் என்ன என்று ஒரு நாள் நம்மிடம் கேட்டான். ‘நந்தா’ என்று விடை சொன்னோம். அன்று அவன் சிரித்த சிரிப்பு இன்றும் காதில் நிற்கிறது. நீங்களும் மாமியையா பாடுகிறீர்கள் என்றான்!

நித்தி கனகரத்தினம் உரும்பிராயைச் சேர்ந்தவர். 1960களில் அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராயிருந்த நாட்களில் பாட்டுக் கட்டத் தொடங்கினார். சொல்லும் அவருடையதே, மெட்டும் அவருடையதே, குரலும் அவருடையதே. அக்காலத்தில் இது நமக்குப் புதுமை. திரைப்படப் பாட்டென்றால் எழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், திரையில் வாயசைப்பவர் இன்னொருவர். இங்கோ ஒரே ஆள், ஒரு கிட்டார். பின்னர் ‘சுராங்கனி’ புகழ் ஏ. இ. மனோகரன் மேடைகளைக் கலக்கினார்; 2018 ஜனவரியில் அவர் சென்னையில் மறைந்தபோது நாமும் வருந்தினோம். மனோகரன் ஆட்டத்துக்கு அரசர். ஆயினும் பாட்டைக் கட்டும் கைத்திறன் என்று வந்தால் நம் வாக்கு நித்தி அவர்களுக்கே.

பைலாவைப் பற்றித் தந்தையார் சொன்னது முழுதும் சரியன்று. ‘பைலா’ போர்த்துக்கேயச் சொல். நடனம் என்பது பொருள். 1505 இல் இத்தீவில் கால்வைத்த போர்த்துக்கேயரோடும், அவர்கள் அழைத்துவந்த ஆபிரிக்க மக்களோடும் வந்த தாளம் அது. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினோடு அது தொடர்ந்து வாழ்ந்தது. பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்டியன் அதனைச் சிங்களப் பாட்டாக நாடறியச் செய்தார். ஆறுக்கு எட்டு என்று மேனாட்டார் எழுதும் அந்தத் தாளத்தைக் கேட்டால் தோள் தானே குலுங்கும். கிழக்கிலங்கையில் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் காதில் அது விழுந்திராவிட்டால்தான் வியப்பு. எவர் வீட்டுச் சொத்தென்று இதில் வழக்காடுவது எங்ஙனம்?

இனிப் பாட்டுக்கு வருவோம். ‘சின்ன மாமியே’ பாட்டு, கேட்டவர் அறிவர், ஓர் உரையாடல். உன் இளைய மகளைக் காணோமே என்று மருமகன் கேட்கிறான். வா மருமகனே என்று உபசரித்து, அவள் பள்ளிக்கூடம் போனதைச் சொல்லுகிறாள் மாமி. ஐயையோ, அங்கே அனுப்பாதே என்று பதறுகிறான் அவன். இவ்வளவுதான் கதை. இதற்குள் ஒரு வீட்டுத் திண்ணை இருக்கிறது, முறைப்பெண் மேல் உரிமை பாராட்டும் ஒரு விடலை இருக்கிறான், அவனை உள்ளுக்குள் நகைக்கும் மாமி இருக்கிறாள். மூன்று நிமிடத்தில் நாடகம் ஒன்று முடிந்துவிடுகிறது. அதிலும் நம் வீட்டில் பேசும் பேச்சே பாட்டில் வந்தபோது எங்களுக்கு எழுந்த மகிழ்ச்சியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். காதல் செய்பவர்கள் எல்லாரும் மதராஸ் தமிழில்தான் பேசுவார்கள் என்று நம்பியிருந்த தலைமுறை நாம்.

தனித்தனி இசைத்தட்டாகக் கேட்டபோது இவை வெறும் வேடிக்கைப் பாட்டுகளாகவே தோன்றின. சிறு தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு; கேட்டோம், சிரித்தோம், போனோம். வரிசையாக வைத்துக் கேட்கும்போதுதான் அப்பாட்டுகளுக்குப் பின்னால் உள்ள மனிதர் தெரிகிறார். ஊரின் பலவீனங்களை அடிக்காமல் கிள்ளுபவர் அவர். சிரிப்பு மூட்டிக்கொண்டே ஒரு வீட்டின் துயரை உள்ளே நுழைத்துவிடுபவர். அமெரிக்கப் பாடலாசிரியர் பொப் டிலானுக்கு 2016 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கியபோது, கிட்டாரோடு பாடுபவன் கவிஞனா என்று உலகமே விவாதித்தது. நம் ஊரில் அந்த விவாதமே நிகழவில்லை என்பதுதான் நம் குறை.

தொகுப்பின் மீதும் நமக்கு ஒரு குறை உண்டு. எந்தப் பாட்டு எந்த ஆண்டில் பதிவானது, கிட்டாரும் மேளமும் வாசித்தவர் யாவர் என்பதற்கு அட்டையில் ஒரு வரிகூட இல்லை. ஊறுகாய்ப் போத்தலில்கூட இதனினும் அதிக விவரம் இருக்கும்.

‘சின்ன மாமியே’ முடிந்தபோது நம் இல்லத்தரசி நம் பக்கம் குறும்பாக நோக்கினாள். காரணம் உண்டு. எங்கள் சின்ன மாமிக்கு ஒரே மகள். நமக்கு முறைப்பெண். பதின்வயதில் இந்தப் பாட்டைச் சொல்லி எங்களைக் கேலி செய்யாத உறவினர் இல்லை. அவள் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் நாட்டைவிட்டுப் போனாள். மகள் எங்கே என்று பாட்டில் கேட்கும்போது மாமி, “ஸ்காபரோவிலை” என்று மெதுவாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அடுத்து வந்தது ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’.

அந்தப் பாட்டு நம் வீட்டுக்குள் முதன்முதல் புகுந்தது 1974 இல், நம் தமக்கையாரின் திருமணத்தன்று. அது இறுவட்டில் வந்தது அன்று. சின்ன மாமாவின் வாயில் வந்தது. அவர் நம் அன்னையாரின் தம்பி. கள்ளுக்கடைக்குப் போகிறவர் அல்லர். கண்டியில் பனங்கள்ளுக்கு எங்கே போவது? சாராயந்தான். பந்தி முடிந்து, பெரியவர்கள் வெற்றிலை போடும் நேரத்தில் முற்றத்தில் இறங்கி, இடக்கையில் தம்ளரோடு, வலக்கையால் வேட்டியை மடித்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினார். பக்கத்து வீட்டுச் சிங்களப் பையன் தகரத்தில் தாளமிட்டான். கூட்டம் கைதட்டி ஆடியது. குடிக்காதே என்று மன்றாடும் பாட்டைக் குடித்துவிட்டுப் பாடியவரைக் கண்டு நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமி குசினி வாசலில் வெற்றிலைத் தட்டோடு நின்றார். அவர் முகத்தை நாம் பார்க்கவில்லை. பதினாறு வயதில் எவர் அதையெல்லாம் பார்க்கிறார்?

தந்தையார் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் அன்னையாரிடம், “அந்தப் பிள்ளை எழுதின பாட்டிலை பிழையில்லை” என்றார். அதன்பின் வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் அவர் கை திருகிக்குப் போவதில்லை.

மாமா ஈரல் கெட்டு 1981 இல் மறைந்தார். மாமி தையல் தைத்து மகளைப் படிக்கவைத்தார். அந்த ஏழு ஆண்டுகளில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை மாமி எவரிடமும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

ஆதலால், அன்று மாலை அந்தப் பாட்டு தொடங்கியதும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறுத்திவிடலாமென்று கையை நீட்டினோம். வேண்டாம் என்பதுபோல் மாமி விரலை உயர்த்தினார். துள்ளும் தாளம், அதன்மேல் கெஞ்சும் குரல். சிரிப்பதற்கென்று நாம் ஐம்பது ஆண்டுகளாக வைத்திருந்த பாட்டில், ஒரு வீட்டின் வாசலில் நின்று ஒருவரை மறிக்கும் குரலை அன்றுதான் கேட்டோம். மாமியின் விரல்கள் கதிரைக் கையில் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தன.

பாட்டு முடிந்ததும் நம் பக்கம் திரும்பினார்.

“கொம்மான் இதை இன்னும் இழுத்துப் படிப்பர், தம்பி” என்றார். “இன்னொருக்காப் போடு.”